நான் பிரித்த இடைவேளை

பயிற்சிப் பள்ளியில் உங்களுக்கு எவ்வளவோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பாடக்குறிப்பு எழுதுவது, கரும்பலகையில் வரி கோணாமல் எழுதுவது, வருகைப் பதிவேட்டை அடித்தல் திருத்தல் இல்லாமல் வைத்திருப்பது. இடைவேளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. கால அட்டவணையில் அது ஒரு வெற்றுக் கட்டம். அங்கே எழுத ஒன்றும் இல்லாததால் அங்கே நடப்பதும் ஒன்றும் இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

நான் பணியை விட்டு இறங்கி மூன்று மாதம் ஆகிறது. முதல் தடவையாகத் தலைமை ஆசிரியர் நாற்காலியில் உட்காரப்போகிற உங்களுக்குச் சொல்ல என்னிடம் பல கதைகள் உண்டு. அவற்றில் பாதி நான் ஜெயித்த கதைகள். அவற்றால் உங்களுக்குப் பிரயோசனம் இல்லை. இடைவேளையில் நான் செய்த ஒரு பிழையை மட்டும் சொல்கிறேன். அப்போது நான் தலைமை ஆசிரியர். அதே பள்ளியில் ஏழாவது படித்த சரசுவின் அப்பாவும் நானே. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

பள்ளி மத்திகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில் இருந்தது. பெயர் வேண்டாம். எட்டாவது வரை வகுப்புகள். ஒரே கட்டடத்தில் ஒரு பக்கம் தமிழ்ப் பிரிவு, இன்னொரு பக்கம் தெலுங்குப் பிரிவு. கால்நடைப் பண்ணை வேலைக்கு வந்த சேலத்துக்காரர்கள், ஆர்க்காட்டுக்காரர்கள் பிள்ளைகள் தமிழில் படித்தார்கள். சுற்றுப்பட்டு விவசாயிகளின் பிள்ளைகள் பெரும்பாலும் தெலுங்கில். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள் இரண்டு பக்கமும் கலந்திருந்தார்கள். இந்தப் பிரிவெல்லாம் வகுப்புக்குள் மட்டும்தான். பத்தரை மணிக்கு மஸ்தான் மணி அடித்தால் எல்லாம் ஒன்றாகக் கொட்டும். மஸ்தான்தான் எங்களுக்கு மணி அடிப்பவர், தண்ணீர் நிரப்புபவர், கதவு பூட்டுபவர். பிள்ளைகள் அந்த மணிக்கு 'ஒண்ணுக்கு பெல்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்தச் சத்தத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது? அஞ்சாங்கல் ஆடுகிற பெண்கள் தெலுங்கில் ஒகட்டி என்று ஆரம்பித்து, தமிழில் அஞ்சு என்று முடிப்பார்கள். சடுகுடு பாடுகிறவன் தமிழில் மூச்சைப் பிடிப்பான், பிடிபட்டதும் தெலுங்கில் திட்டுவான். அப்போதெல்லாம் எனக்கு அது தலைவலி. இப்போது வீட்டில் பத்தரை மணி ஆகும்போது காது தானாக அதைத் தேடுகிறது. கிடைப்பதில்லை.

அந்தக் கூட்டத்தில் சரசுவுக்கு ஒரு சிநேகிதி உண்டு. முனெம்மா, தெலுங்குப் பிரிவு ஏழாவது. அப்பா எல்லப்பா, பக்கத்துக் கிராமத்தில் இரண்டு ஏக்கர் ராகிக் காடு வைத்திருப்பவர். முனெம்மாவுக்குக் காக்காய் வலிப்பு இருந்தது. மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டு முறை வரும். வருவதற்கு முன்னால் அவளுக்கே தெரிந்துவிடும். உடனே சரசுவின் மணிக்கட்டைப் பிடிப்பாளாம். சரசு அவளைக் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப்போய், ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். யாராவது எட்டிப் பார்த்தால், "வயித்து வலி, போங்க" என்று விரட்டிவிடுவாள். முனெம்மாவின் அம்மா சொல்லிக் கொடுத்த வைத்தியம் இது. பள்ளியில் இந்த விஷயம் தெரிந்தது சரசு ஒருத்திக்குத்தான். எந்த ஆசிரியருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள். நான் எதுவும் தெரியாமல் செய்ததை நீங்கள் தெரிந்துகொண்டே பார்க்க வேண்டும்.

ஒரு நாள் சடுகுடுவில் பண்ணைக்காரர் பையன் ஒருவனுக்கு முன்பல் போனது. இழுத்துப் போட்டவன் தெலுங்குப் பிரிவு. சாதாரணக் காலமாக இருந்தால், இரண்டு அம்மாக்கள் கேட்டருகே நின்று திட்டிக்கொள்வதோடு போயிருக்கும். ஆனால் மொழிவாரியாக மாநிலம் பிரிக்கிற பேச்சு டீக்கடை டீக்கடையாக நடந்துகொண்டிருந்த சமயம் அது. ஓசூர் யாருக்கு என்று பெரியவர்கள் முறைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்குள் கேட்டின் இந்தப் பக்கம் பதினைந்து ஆண்கள், அந்தப் பக்கம் இருபது.

"ஏனுங்க வாத்தியாரே, பள்ளிக்கூடம் நடத்தறீங்களா, கோழிச் சண்டை உடறீங்களா?" என்றார் பல் போன பையனின் அப்பா.

"மொதல்ல அவம் பையன் எங்க ஆளுங்கள என்னா சொன்னான்னு கேளுங்க சாரு!" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"பால் பல்லுதானே, மொளைக்கும்" என்று மஸ்தான் தன் பொக்கை வாயால் சமாதானம் சொல்லப் போனார்.

"எட்டாவது படிக்கிறவனுக்குப் பால் பல்லா? உன் வாயில மொளைச்சா சொல்லு!"

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் சூடு இறங்கியது. நான் அதைப் பிடித்துக்கொண்டு, எல்லாரையும் உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு உள்ளங்கை வியர்த்திருந்தது. அன்று மாலைக்குள் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். நாளை முதல் இரண்டு இடைவேளை. பத்தரைக்குத் தமிழ்ப் பிரிவு, பதினொன்றுக்குத் தெலுங்குப் பிரிவு. ஒரு பிரிவு வெளியே இருக்கும்போது மற்றப் பிரிவில் ஒருவரும் வகுப்பை விட்டு வரக்கூடாது. ஆசிரியர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு.

இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு போனார்கள். மஸ்தான் மட்டும், "அவங்க வீட்டுக்குப் போய்ட்டாங்க, நான்தான் சார் நாளைக்கு நாலு தடவை அடிக்கணும்" என்று முணுமுணுத்தார்.

திட்டம் நன்றாகவே நடந்தது. அதுதான் அதிலிருந்த ஆபத்து. சண்டை நின்றது. தண்ணீர்த் தொட்டியருகே நெரிசல் இல்லை. டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தபோது, ஒழுங்கு பாராட்டத்தக்கது என்று பார்வையாளர் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். அந்தப் பக்கத்தை நான் தனியாக இருக்கும்போது இரண்டு மூன்று தடவை எடுத்துப் பார்த்ததுண்டு.

சரசு என்னிடம் மூன்று தடவை பேசினாள். முதல் தடவை சாப்பிடும்போது, "அப்பா, எல்லாருக்கும் பழையபடி ஒரே பெல் வெச்சா என்னா?" என்றாள்.

"ஏன், உனக்கு வெளையாட ஆள் இல்லையா?"

"இருக்காங்க."

"அப்பறம் என்ன?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இரண்டாம் தடவை, தலை பின்னிக்கொண்டே, "பெல் ரெண்டா இருந்தாலும், வேணுங்கறவங்க ரெண்டுலயும் வெளிய போலாம்னு சொல்ல முடியாதா?" என்று கேட்டாள். ஹெட்மாஸ்டர் மகள் என்பதால் சலுகை கேட்கிறாள் என்று நினைத்து அதட்டினேன்.

மூன்றாம் தடவை கேட்டதுதான் இன்னும் என்னைத் தூங்கவிடாமல் செய்வது. "என்னைத் தெலுங்கு செக்ஷன்ல மாத்திடுங்கப்பா" என்றாள்.

"தெலுங்குல அ ஆ எழுதத் தெரியுமாடி உனக்கு?"

"கத்துக்கறேன்."

நான் சிரித்தேன். மறுநாள் ஆசிரியர்கள் அறையில் அதை வேடிக்கையாகவும் சொன்னேன். "பரீட்சைக்கு பயந்து மொழியையே மாத்தப் பாக்குதா உங்க பொண்ணு?" என்று எல்லாரும் சிரித்தார்கள். ஏழாவது படிக்கிற ஒரு பெண் ஒரு வருஷப் படிப்பை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறாள்; எதற்காக என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த அறையில் ஐந்து ஆசிரியர்கள் இருந்தோம்.

மார்கழி. எங்கள் பக்கத்துக் குளிர் உங்களுக்குத் தெரியும். பதினொரு மணிக்கும் பிள்ளைகள் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். தெலுங்குப் பிரிவு வெளியே இருந்தது. கட்டடத்தின் பக்கவாட்டில் கை கழுவ ஒரு கல்தொட்டி. பண்ணையில் கழித்துப் போட்ட மாட்டுத்தொட்டி அது. அங்கே முனெம்மா தனியாகப் போனாள். மணிக்கட்டைப் பிடிக்க ஆள் இல்லை. தொட்டியின் விளிம்பைப் பிடித்தாள். அப்படியே முகம் தண்ணீருக்குள் போனது. தண்ணீர் ஒரு சாண்தான் இருக்கும்.

தள்ளி வெயிலில் நின்ற பெண்கள் அவள் கைகால் இழுப்பதைப் பார்த்து, "தய்யம் பட்டிந்தி! தய்யம் பட்டிந்தி!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். பேய் பிடித்துவிட்டதாம். குழந்தைகள் மேல் குற்றம் இல்லை. அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்துப் பழகியவளை நான் உள்ளே பூட்டியிருந்தேன்.

சரசுவின் வகுப்பு ஜன்னலில் ஓடுகிற பாவாடைகள் தெரிந்திருக்கின்றன. எழுந்துவிட்டாள். பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் வரதன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். அன்று நடந்ததை அவரே பிறகு என்னிடம் அழுதுகொண்டு சொன்னார்.

"எங்க போற?"

"வெளிய சார்."

"உங்க பெல் முடிஞ்சு போச்சு. உக்காரு."

"அவசரம் சார்."

வகுப்பு சிரித்தது. அவர் வாசலுக்கு வந்து பிரம்பைக் குறுக்கே பிடித்தார். "ஹெட்மாஸ்டர் பொண்ணுக்குத் தனிச் சட்டமா? ஆர்டர் போட்டதே உங்கப்பாதான்."

காரணம் சொல்லியிருந்தால் விட்டிருப்பார். சரசு சொல்லவில்லை. பிரம்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அது ஒரு நிமிஷமா, அரை நிமிஷமா என்று வரதனுக்கும் தெரியவில்லை. பிறகு குனிந்து பிரம்புக்கு அடியில் நுழைந்து ஓடினாள்.

அறையில் இருந்த எனக்குக் கூச்சல் கேட்டது. மறுபடியும் சண்டை என்று நினைத்தேன். கோபமாக வெளியே வந்தேன். தொட்டியருகே மஸ்தானும் சரசுவும் முனெம்மாவை இழுத்துத் தரையில் போட்டிருந்தார்கள். சரசுவின் பாவாடை முழுக்க ஈரம். நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"உன்னை யாரு வெளிய உட்டது?"

சரசு என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்து முனெம்மாவின் தலையை ஒரு பக்கமாகத் திருப்பினாள். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. மூச்சு வரவில்லை.

மஸ்தான் பண்ணைக்கு ஓடி மாட்டு டாக்டரைக் கூட்டிவந்தார். "யோவ், நான் மாட்டுக்குப் பாக்கறவன்யா" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், வந்து சேர்ந்ததும் மண்டியிட்டுவிட்டார். முதுகை அழுத்தினார், திருப்பினார், மறுபடி அழுத்தினார். அதற்குள் நான் எத்தனை வேண்டுதல் வேண்டினேன் என்று நினைவில்லை. முனெம்மா இருமினாள். ஆட்டுக்குட்டி இருமுகிற மாதிரி ஒரு இருமல். டாக்டர் மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டு, "பொழைச்சுக்கும். ஓசூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டுங்க" என்றார்.

மூன்று நாள் கழித்து எல்லப்பா வந்தார். மகள் எழுந்து நடக்கிறாள் என்றார். வலிப்பு வருகிற சேதி அந்தப் பெண்கள் மூலம் இப்போது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது என்றார்.

"டி.சி. குடுத்துடுங்க சாரு. ஆனேக்கல்லுக்கு அந்தாண்ட எம் பொஞ்சாதி ஊரு. அங்க போயிடறோம்."

"ஏன்யா எங்ககிட்ட முன்னாடியே சொல்லல?" என்று கேட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் விசாரணை செய்தேன்.

எல்லப்பா தோள்துண்டை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பொட்டப் புள்ள சாரு. நாளைக்கு ஒரு எடத்துல குடுக்கணும்" என்றார்.

தடுத்திருக்கலாம். பள்ளியிலேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வாக்கு கொடுத்திருக்கலாம். அவர் அதை எதிர்பார்த்துத்தான் கொஞ்ச நேரம் நின்றார் என்று இப்போது தோன்றுகிறது. நான் பேனாவை எடுத்தேன். விலகும் காரணம் என்ற இடத்தில், குடும்பம் இடம் மாறுதல் என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு இருந்தது நிம்மதி. இதை உங்களிடம் மறைத்தால் இவ்வளவு எழுதியதில் அர்த்தம் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை மணியை மறுபடி ஒன்றாக்கினேன். பல் போன பையனின் அப்பா கேட்டருகே வந்தார். அன்று எனக்குக் கை வியர்க்கவில்லை. "பல்லு போனா நான் பதில் சொல்றனுங்க. உயிரு போனா என்னால சொல்ல முடியாது. வேணும்னா நீங்களும் தெனம் பத்தரைக்கு வந்து நில்லுங்க" என்றேன். ஒரு வாரம் நிஜமாகவே வந்து நின்றார். இரண்டாவது வாரம் சடுகுடுவுக்கு அவர்தான் நடுவர். மூச்சு விட்டவனை விடவே மாட்டார். இரண்டு பிரிவுப் பையன்களும் சேர்ந்து அவரிடம் சண்டை போட்டார்கள்.

அதன் பிறகு இடைவேளையில் நான் அறைக்குள் இருந்ததில்லை. ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. சத்தம் இருக்கிற இடத்தில் ஆசிரியர் நிற்க வேண்டியதில்லை. அங்கே நிறையக் கண்கள் இருக்கின்றன. கட்டடத்தின் பின்பக்கம், தொட்டிப் பக்கம், பெண்கள் இரண்டு பேராகப் போய் ஒருத்தியாகத் திரும்புகிற பக்கம், அங்கே நில்லுங்கள். இடைவேளையை மாற்றுவதற்கு முன் பிள்ளைகளிடம் கேளுங்கள். யார் சண்டை போடுகிறார்கள் என்று கேட்காதீர்கள், அது உங்களுக்கே தெரியும். நீ யாரோடு இருப்பாய் என்று கேளுங்கள். ஒரு பிள்ளை ஒரே விஷயத்தை மூன்று விதமாகக் கேட்டால், உங்கள் வேலையைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள்.

சரசு அதன் பிறகு என்னோடு பேசாமல் இருந்தாள் என்று சொல்ல முடியாது. கேட்டதற்குப் பதில் சொல்வாள். மார்க் சொல்வாள். ஆனால் தானாக வந்து எதுவும் சொல்வது நின்றுபோனது. ஓசூர் உயர்நிலைப் பள்ளிக்குப் போக ஆரம்பித்தாள். காய்ச்சல் என்றால்கூட நான் நெற்றியைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மாலையில் பஸ் கால் மணி தாமதமானாலும் நான் வாசலுக்கு வந்து நின்றுவிடுவேன். அவளுக்கு என்ன நடந்தாலும் எனக்குக் கடைசியாகத்தான் தெரியும் என்கிற பயம் அது. வீட்டில் சளசளவென்று பேசிக்கொண்டிருந்த அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்காக நான் ஏங்கியதுபோல் எதற்காகவும் ஏங்கியதில்லை.

பணி முடிந்த வாரம் நானே கேட்டேன். "முனெம்மாவைப் போய்ப் பாத்துட்டு வரலாமா?"

அவள் உடனே செருப்பைத் தேடினாள்.

ஆனேக்கல்லில் பஸ் இறங்கி நான்கு மைல் நடந்தோம். எல்லப்பா மல்பெரிக் கொல்லையில் இருந்தார். "ரண்டி சாரு, ரண்டி" என்று ஓடிவந்து என் பையை வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லாதது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. முனெம்மா இலைக் கூடையோடு வந்தாள். பதினாறு வயது. சரசுவைப் பார்த்ததும் கூடையைப் போட்டுவிட்டாள். சரசு தெலுங்கில் ஏதோ ஆரம்பித்தாள்.

"அய்யே, இன்னும் உன் தெலுங்கு நொண்டுதே" என்று முனெம்மா தமிழில் சொன்னாள்.

"உன் தமிழு மட்டும் ஓடுதாக்கும்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். மகள் அப்படிச் சிரித்துக் கேட்டு நான்கு வருஷம் ஆகியிருந்தது.

பிறகு முனெம்மா என் பக்கம் திரும்பினாள். "சார், இப்ப எந்த செக்ஷனுக்கு மொதல் பெல்லு?"

"ஒரே பெல்தாம்மா."

"எப்பலருந்து?"

"நீ போன அடுத்த திங்கக்கெழமைலருந்து."

"நல்லதாப் போச்சு" என்றாள். அதில் கிண்டல் இல்லை. "இங்க பக்கத்துல இஸ்கூல்ல அஞ்சாவதுக்கு மேல இல்ல சார். இல்லன்னா நான் போயிருப்பேன்."

அவர்கள் இருவரும் கொல்லைக்குள் போனார்கள். நான் எல்லப்பாவிடம் நான்கு வருஷமாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். என் தப்பு என்றேன். அவர் பட்டுப்புழுக்களுக்கு இலை நறுக்கிக்கொண்டே, "உடுங்க சாரு. புள்ள இருக்குதில்ல" என்றார். இலை நறுக்குகிற கை நிற்கவில்லை.

திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. ஆனேக்கல்லில் பஸ்ஸுக்காக ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். சரசுதான் பேசினாள். தானாக.

"அப்பா, ஒண்ணு கேட்டா நெஜத்தச் சொல்லுவீங்களா?"

"கேளு."

"அப்பவே நான் அவளப் பத்திச் சொல்லியிருந்தா, பெல்ல ஒண்ணாக்கியிருப்பீங்களா?"

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இன்றைய நான் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் அவள் கேட்டது அன்றைய ஆளை. அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். பாராட்டு எழுதிய பக்கத்தைத் தனியாக எடுத்துப் பார்க்கிறவன். பள்ளியில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று முதலில் யோசிக்கிறவன்.

"இல்லம்மா" என்றேன். "எல்லப்பாவக் கூப்பிட்டு, ஒடம்பு சரியாகற வரைக்கும் பொண்ண வீட்டுலயே வெச்சுக்கன்னு சொல்லியிருப்பேன்."

சரசு தலையை ஆட்டினாள். கோபம் இல்லை. ரொம்ப நாளாகத் தனக்குத் தெரிந்த விடையைக் கேட்கிறவள் போல இருந்தாள்.

"அது அவளுக்கும் தெரியும்ப்பா" என்றாள். "அதனாலதான், யாருகிட்ட வேணா சொல்லு, உங்கப்பாகிட்ட மட்டும் சொல்லாதன்னா."